கார்ன் பாம்புக் குட்டியோட நிறத்தை வச்சு மார்ஃப் சொல்லாதீங்க

வணக்கம்ங்க. திரையில ரெண்டு போட்டோ இருக்கு, பாருங்க. இடது பக்கம் சாம்பலும் கரும்பழுப்புமா ஒரு குட்டி. வலது பக்கம் தேன் மாதிரி மஞ்சள் ஓடுற வளர்ந்த பாம்பு. ரெண்டுமே கேரமல் மார்ஃப்தான். மார்ஃப்னா, வீட்டுல வளர்க்கிற கார்ன் பாம்புல மரபணு வழியா வர்ற நிற, திட்டு வகை. குட்டியா இருக்கிறப்ப இதை அனெரினு, அதாவது சிவப்பே இல்லாத மார்ஃப்னு நினைச்சு எழுதி வச்சுக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. அப்புறம் மஞ்சள் ஏறும்போது பாம்புக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பயப்படுறாங்க. ஒண்ணும் ஆகலை. அது இப்பதான் தன்னோட நிறத்துக்கு வருது.

ஏன் இப்படினு முதல்ல பார்த்துடலாம். கார்ன் பாம்போட தோல்ல மெலனின் தர்ற செல் இருக்கு, அது கறுப்பும் பழுப்பும். சிவப்பும் மஞ்சளும் தர்ற செல் தனியா இருக்கு. ஒளியைத் திருப்பி அனுப்புற செல் இன்னொண்ணு. முட்டையை விட்டு வெளிய வர்றப்பவே மெலனின் நல்லா தெரியும். சிவப்பும் மஞ்சளும் அப்படி இல்லை, மாசக்கணக்குல, ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். அதனாலதான் சாதாரண நிறக் குட்டிகூட மங்கலா, சாம்பல் தரையில, அதாவது பின்னணி நிறத்துல, கருஞ்சிவப்புத் திட்டோட இருக்கு. கழுத்துத் திட்டுகளுக்கு நடுவுல மட்டும் ஆரஞ்சு தெரியும். அந்த ஆரஞ்சு வருங்காலத்துக்கு ஒரு முன்னோட்டம், அதைக் கவனிச்சு வச்சுக்கோங்க.

இப்ப ரொம்பக் குழப்பம் தர்ற கூட்டத்துக்கு வருவோம். அனெரி, சார்க்கோல், கேரமல், லாவெண்டர். இந்த நாலும் பொரிச்ச புதுசுல ஏறக்குறைய ஒரே சாம்பல் குடும்பம்.

அனெரில சிவப்பு கிடையாது. ஆனா வளர வளர தாடைக்குக் கீழேயும் கழுத்தோட ரெண்டு பக்கமும் மஞ்சள் பூசின மாதிரி வரும். மஞ்சள்காமாலைனு நினைச்சு டாக்டர்கிட்ட ஓட வேண்டாம். ரெண்டு பக்கமும் சமமா இருக்கு, சட்டை உரிச்ச பிறகும் அப்படியே இருக்குன்னா அது அனெரியோட இயல்பு. சார்க்கோல்ல இந்தக் கழுத்து மஞ்சள் பொதுவா வராது. ரெண்டையும் பிரிக்க அதுதான் நல்ல அடையாளம், ஆனா அதுக்குக் காத்திருந்தே ஆகணும். கேரமல்ல மஞ்சள் கழுத்தோட நிக்காம உடம்பு முழுக்கப் பரவும். லாவெண்டர் குட்டி பழுப்புச் சாம்பலா ஆரம்பிச்சு, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த தரைக்கு மெதுவா மாறும். கண்ணை டார்ச் வெளிச்சத்துல பார்த்தா கருஞ்சிவப்பு தெரியும். லாவெண்டருக்குக் காரணம் லிஸ்ட்ங்கிற மரபணுன்னு 2020-ல வந்த ஜெனீவா பல்கலைக்கழக ஆராய்ச்சி காட்டிச்சு. மூணு வகை நிறச் செல்லையும் அது தொடும். ஒரு நிறம் மட்டும் காணாம போகாம, மொத்த உடம்பும் சாயம் மாறின மாதிரி தெரியறதுக்கு அதுதான் காரணம்.

சரி, மெலனினே இல்லாத பக்கம். அமெல். இது ஓசிஏ2 மரபணு பழுதானதால வர்றது. கண் சிவப்பா இருக்கும், குட்டியிலேயே சந்தேகமே வராது. சந்தேகம் வர்றது அதுக்குள்ள இருக்கிற பிரிவுலதான். சன்குளோன்னு, அதாவது வெள்ளை ஓரம் இல்லாத ஆரஞ்சு அமெல்னு சொல்லி வாங்கின குட்டியில திட்டு ஓரத்துல வெள்ளை இருக்கேன்னு கேக்கறாங்க. வளர்றப்ப அது ஆரஞ்சுக்குள்ள அமுங்கிப் போகலாம். ரிவர்ஸ் ஒக்கீட்டீல நேர் எதிர், வெள்ளை ஓரம் அகலமாகி அதுதான் அழகே. கேண்டிகேன் வெள்ளைத் தரைக்காக தேர்ந்தெடுத்து வளர்க்கிற வகை. குட்டியில பளிச்சுனு இருக்கும். ஆனா நிறைய பாம்புல வயசாகும்போது தரையில மஞ்சளோ ஆரஞ்சோ ஏறிடும். என் கருத்து, கேண்டிகேன் வாங்குறவங்க குட்டியைப் பார்த்து முடிவு பண்ணவே கூடாது. அப்பா அம்மாவோட வளர்ந்த போட்டோவைக் கேளுங்க.

ஸ்னோ அமெலும் அனெரியும் சேர்ந்தது. ரோஸ் கலந்த வெள்ளையா பொரிக்கும், பிறகு கழுத்துல மஞ்சள் வரும், திட்டும் மெதுவா தெளிவாகும். பிளிஸார்ட் அமெலும் சார்க்கோலும். திட்டு ஏறக்குறைய தெரியவே தெரியாது, கடைசி வரைக்கும் அந்த வெள்ளை தங்கும். பட்டர் அமெலும் கேரமலும். குட்டியில ஸ்னோ மாதிரி ஏமாத்தும், மஞ்சள் பின்னாடி வரும்.

பிளட்ரெட்டைத்தான் நான் தனியா எடுத்துச் சொல்லணும். அதுல மாற்றம் அவ்வளவு பெருசு. குட்டி சாம்பல் தலையோட, திட்டு கலைஞ்ச மாதிரி, சிவப்புன்னு சொல்லவே வாய் வராத மாதிரி இருக்கும். ரெண்டு, மூணு வருஷத்துல திட்டு கரைஞ்சு கரைஞ்சு முழு உடம்பும் சிவப்பாகும். குட்டியில எப்படி உறுதி பண்றது? வயித்தைத் திருப்பிப் பாருங்க. சாதாரண கார்ன் பாம்புக்கு வயித்துல கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம் இருக்கும். பிளட்ரெட்ல அந்தக் கட்டம் இருக்காது. மாட்லிங்கிற இன்னொரு வகையிலும் இருக்காது, அதனால முதுகுத் திட்டையும் சேர்த்துப் பாருங்க. மாட்லியில திட்டுகள் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு நடுவுல வட்டம் வட்டமா இடம் விட்டிருக்கும்.

இதுல ஒரு விதி கிடைக்குது பாருங்க. நிறம் மாறும், ஆனா கண், வயித்துக் கட்டம், முதுகுத் திட்டோட எண்ணிக்கை, அமைப்பு, இதெல்லாம் ஒரே மாதிரிதான், பிளட்ரெட்ல திட்டு கரையறதைத் தவிர. அடையாளம் காண இதையெல்லாம் முதல்ல பாருங்க, நிறத்தைக் கடைசியில. அதோட ஜோடி விவரம். ரெண்டு பெற்றோருமே கேரமலுக்கும் அனெரிக்கும் ஹெட்னா, அதாவது அந்த மரபணுவை ஒரு பிரதி மட்டும் வெளிய தெரியாம சுமந்தா, நாலுல ஒண்ணு கேரமல் ஆகலாம், நாலுல ஒண்ணு அனெரி ஆகலாம், பதினாறுல ஒண்ணுல ரெண்டும் சேர்ந்து வெளிப்படலாம். அந்தக் குட்டிகளைப் பொரிச்ச வாரத்துலயே பிரிச்சு பேர் எழுதி விக்கிறது நேர்மையான வேலை இல்லை.

பதிவு பண்றதுக்கு வருவோம். பொரிச்சு ஒண்ணு ஒன்றரை வாரத்துல முதல் சட்டை உரிச்சிடும், பிறகு குட்டிப் பருவத்துல மாசத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. உரிச்ச ரெண்டு நாளுக்குள்ள போட்டோ எடுங்க. உரிக்கிறதுக்கு முன்னாடி கண்ணு நீலமா மங்கியிருக்கிறப்ப எடுத்த போட்டோ எதுக்கும் ஆகாது, அப்ப எல்லா மார்ஃபும் பால் ஊத்தின மாதிரிதான் இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம், மஞ்சள் பல்ப் வேண்டவே வேண்டாம். நேரடி வெயில் படாத ஜன்னல் ஓரம், அடியில சாம்பல் அட்டை, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள். போன் தானா நிறத்தை மாத்தாம இருக்க ஒயிட் பேலன்ஸைப் பூட்டிடுங்க. கழுத்து, நடு உடம்பு, வயிறு, மூணும் ஒவ்வொரு தடவையும். தேதியும் எடையும் ஓரத்துல எழுதுங்க. சாப்பிட்டு 48 மணி நேரம் ஆகாம கையில எடுக்காதீங்க, வாந்தி எடுத்துடும்.

கேரட் ஊட்டின எலி, சாயம், கூடுதல் சூடு, இதெல்லாம் மார்ஃபை மாத்தாதுங்க. கூண்டோட சூடான பக்கம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் வைக்கிறது செரிமானத்துக்கு, நிறத்துக்கு இல்லை. அதிகமா ஊட்டினா செதிலுக்கு நடுவுல தோல் விரிஞ்சு நிறம் வெளுத்த மாதிரி தெரியும். அது வயசு இல்லை, கொழுப்பு.

கடைசியா, பயப்பட வேண்டிய மாற்றம். சட்டை உரிக்கிற நேரத்துல ஸ்னோவோட வயிறு ரோஸா இருக்கிறது இயல்பு. ஆனா உரிச்ச பிறகும் வயித்துச் செதில்ல செம்பழுப்புப் புள்ளி, கொப்புளம், ஈரம் இருந்தா அது செதில் அழுகல். நனைஞ்ச படுக்கைதான் பெரும்பாலும் காரணம். உடனே காய்ஞ்ச பேப்பர் டவலுக்கு மாத்தி, ஊர்வன பார்க்கிற டாக்டர்கிட்ட காட்டுங்க. வயிறு முழுக்கச் சிவந்து பாம்பு சோர்வா இருந்தா ரத்தத்துல தொற்றாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. ஸ்னோல இது கண்ணுக்குச் சட்டுனு தெரியும். பிளட்ரெட்ல சிவப்புக்குள்ள சிவப்பு மறைஞ்சிடும். அதனால அந்தப் பாம்பை மட்டும் வாரம் ஒரு தடவை வயித்தை விரலால தடவிப் பாருங்க, சொரசொரப்பா எங்கயாவது தட்டுப்படுதான்னு.