சத்தமே போடாத இராச் சில்வண்டு

[காட்சி: முழு இருட்டு. ரீங்காரம் மட்டும்.]

இதைக் கேட்டதும் சில்வண்டு என்றுதானே நினைத்தீர்கள்? இது சுவர்க்கோழி. நடுராத்திரியில் காதைத் துளைப்பவை பெரும்பாலும் சுவர்க்கோழிகளும் அவற்றின் உறவுக்காரப் பூச்சிகளும்தான். சில்வண்டுகளில் பெரும்பாலானவை பகலிலேயே, மிஞ்சினால் பொழுது சாயும் நேரத்தில், கத்தி முடித்துவிடும்.

[காட்சி: இரண்டின் தலையும் அருகருகே, மிக நெருக்கத்தில்.]

ஆள் யார் என்று கண்டுபிடிக்க உணர்கொம்பைப் பாருங்கள். சுவர்க்கோழிக்கு அது உடம்பைவிட நீளம். சில்வண்டுக்கோ கண்களுக்கு நடுவே குட்டையாக இரண்டு முடி, அவ்வளவுதான்.

சத்தம் பிறக்கும் விதமும் வேறு. சுவர்க்கோழி சிறகோடு சிறகை உரசும். ஆண் சில்வண்டுக்கு வயிறு தொடங்கும் இடத்தில், இரு பக்கமும் வரி வரியாக மெல்லிய சவ்வு உண்டு. தகர டப்பா மூடியை அமுக்கி விட்டால் 'டக்' என்கிறதே, அதே கதைதான்: தசை இழுக்க உள்ளே மடங்கும், விட்டால் துள்ளி வெளியே வரும். நொடிக்கு நூற்றுக்கணக்கான 'டக்' சேர்ந்தால் நமக்கு ஒரே இழுவை. வயிறு பெரும்பாலும் காலியாக இருப்பதால் சத்தம் இன்னும் பெருகும்.

[காட்சி: யூகலிப்டஸ் மரம், இரவு. பட்டை விலகிய இடம்.]

சரி, அசல் இராப் பூச்சியான சில்வண்டே கிடையாதா? உண்டு, ஆஸ்திரேலியாவில். பெயர் டெட்டிகார்க்டா. இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே இனங்கள்: கிரினிட்டா தென்கிழக்கின் குளிர்ந்த மலைக் காடுகளில், டொமென்டோசா டாஸ்மேனியாவில். இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களை ஜுராசிக் காலம் போன்ற பழைய பாறைகளில்தான் தேட வேண்டும்.

உடம்பெல்லாம் அடர்ந்த முடி. தலைக்குப் பின்னால் இருக்கும் கவசம் முதுகில் பெரும்பகுதியை மூடும். இந்த இரண்டும் தெரிந்தால் வேறு சில்வண்டோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. பகலில் உரிந்த மரப்பட்டைக்கு அடியில் பதுங்கியிருக்கும்.

அதே நாட்டில் பச்சை நிறமும் இலை போன்ற சிறகும் ஊதிப்போன வயிறும் கொண்ட சிஸ்டோசோமா சாண்டர்சி என்ற இன்னொரு சில்வண்டு இருக்கிறது. அந்திநேரத்தில் அரை மணி நேரம் போல அடித்தொண்டையில் முழங்கிவிட்டு ஓய்ந்துவிடும். அதன் குரலைக் கேட்டு டெட்டிகார்க்டா என்று எழுதி வைக்காதீர்கள்.

[காட்சி: கிளையைப் பற்றிய கால்கள்.]

ஏனென்றால் டெட்டிகார்க்டா காற்றில் கத்துவதே இல்லை! மற்றச் சில்வண்டுகளுக்கு இருக்கும் செவிப்பறை இதற்குக் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் 'டக்' என்று மடங்கும் அந்த வயிற்றுச் சவ்வு உண்டு. ஆனால் அதிர்வு கால் வழியே கிளைக்குள் இறங்கி, அதே கிளையில் இருக்கும் இன்னொன்றுக்குப் போகிறது. கிரினிட்டாவின் இந்த அதிர்வுகளைப் பற்றிய ஆய்வு 1999-இல் வெளியானது. காட்டுக்குள் மைக்கை நீட்டிக்கொண்டு நின்று பயனில்லை, அதிர்வை உணரும் கருவியைக் கிளையிலேயே பொருத்த வேண்டும்.