ரோக் ஆடப் போறீங்களா? தனியா போகாதீங்க

வணக்கம் மக்களே, ராயபுரத்துல இருந்து பேசுறேன். இன்னிக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல, அதாவது டேபிள சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி கதையா ஆடுற கேம்ல, ரோக்குனு சொல்ற திருட்டு கில்லாடி கேரக்டர் எப்படி ஆடுறதுனு பாக்கப் போறோம், அதுலயும் ஒளிஞ்சு மறைஞ்சு போற வேலைய பத்தி கொஞ்சம் நல்லாவே பேசலாம். எங்க மொட்டமாடி டேபிளுக்கு புதுசா வர்ற பசங்க நெறைய பேரு ரோக் தான் கேப்பாங்க, கருப்பு துணி போர்த்திகினு ரெண்டு கத்தி வெச்சிகினு யாரோடயும் ஒட்டாம தனியா சுத்துற ஆளு, கெத்தா தான் இருக்கும். ஆனா ரூல்ஸ எடுத்து படிங்க, அந்த கேரக்டர் தனியா போறதுக்குனு பண்ணதே இல்ல, பக்கத்துல கூட்டாளி இருந்தா தான் அவன் அடி அடி மாதிரி விழும்.

(திரையில்: ஸ்நீக் அட்டாக்)

ரோக் அடி பட்டா கூடுதலா சேர்ற டேமேஜ் தான் இது, பேர பாத்துட்டு ஒளிஞ்சிருந்தா தான் போட முடியும்னு முடிவு பண்ணிடுறாங்க. அப்படி இல்லீங்க. அடி படுதானு பாக்க உருட்டற அட்டாக் ரோலுக்கு அட்வான்டேஜ் இருந்தா போடலாம், அதாவது டி20ங்கற இருபது முக டைஸ ரெண்டு தடவ உருட்டி பெருசா விழுந்தத எடுத்துக்குறது. அட்வான்டேஜ் இல்லனாலும் நீங்க அடிக்கிற ஆளுக்கு 5 அடிக்குள்ள உங்க கூட்டாளி ஒருத்தன் மயங்கி விழாம நின்னுகினு இருந்தா போதும், உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் மட்டும், அதாவது ரெண்டுல சின்னத எடுக்குற நெலம, இருக்கக் கூடாது. உங்க கூட்டத்து சண்டக்காரன் ஃபைட்டர் முன்னாடி போயி மல்லுக்கட்டிகினு இருக்கான்ல, நீங்க பட்டப்பகல்ல எல்லாரும் பாக்க வில்ல வுட்டாலும் அது ஸ்நீக் அட்டாக் தான். ஆயுதம் மட்டும் ரேப்பியர், டேகர் மாதிரி பலத்துக்கு பதிலா லாவகத்துல அடிக்கிற ஃபினெஸ் வகையா இருக்கணும், இல்ல வில்லு மாதிரி தூரத்துல இருந்து அடிக்கிறதா இருக்கணும். லெவல் 1ல 1டி6, அதாவது ஆறு முக டைஸ் ஒன்னு, அப்பால ரெண்டு ரெண்டு லெவலுக்கு ஒரு டி6 ஏறும், லெவல் 9ல 5டி6 வந்துடும், சராசரியா 17.5 டேமேஜ், லெவல் 19ல 10டி6.

இன்னொன்னு, இது எல்லாரும் ஒரு சுத்து ஆடி முடிக்கிற ரவுண்டுக்கு ஒரு தடவ இல்ல, ஒவ்வொருத்தர் முறைக்கும் வர்ற டர்னுக்கு ஒரு தடவ. உங்க டர்ன்ல ஒன்னு போட்டீங்க, அப்பறம் எதிரி அவன் டர்ன்ல பயந்து ஓடறான், ஓடறவன ஒரு அடி போடுற ஆப்பர்சூனிட்டி அட்டாக் கெடைக்குது, உங்க ஃபைட்டர் இன்னும் அவன் பக்கத்துல தான் நிக்கிறான்னா திரும்பவும் ஸ்நீக் அட்டாக் போடலாம்.

தனியா போறவன்ங்கற நெனப்பு பழைய ரூல்ஸ்ல இருந்து வந்ததுனு தான் எனக்கு தோணுது. 1974ல கேம் வந்தப்போ ஃபைட்டர், மந்திரவாதி மாதிரி மேஜிக் யூசர், பூசாரி மாதிரி கிளெரிக்னு மூணே கிளாஸ், அதாவது கேரக்டர் வகை தான், 1975ல தான் தீஃப் வந்தான், நிழல்ல ஒளியுறது சத்தமில்லாம நடக்குறதெல்லாம் சதவீத கணக்கா அவனுக்குனு எழுதி வெச்சிருந்தாங்க, முதுகுல குத்தினா கூடுதல் டேமேஜ். 2000ல மூணாவது எடிஷன்ல அந்த கிளாஸ் ரோக்னு ஆச்சு, எதிரிக்கு அந்தாண்ட பக்கம் கூட்டாளி நின்னா ஸ்நீக் அட்டாக்னு அப்பவே ரூல் மாறிடிச்சு. ஆட்டம் மாறி இத்தன வருஷம் ஆகுது, நம்ம மனசுல இருக்குற படம் தான் மாறல.

(திரையில்: ஒளியுறது)

இப்போ இதுக்கு வருவோம். கதைய நடத்துற டி.எம் அக்கா சொல்றாங்கனு வெச்சிக்கோங்க, "விடியல இன்னும், துறைமுகத்து ஏலக் கூடம், வாசல்ல ரெண்டு காவக்காரன், ஒரு விளக்கு எரியுது." புது பிளேயர் அடுத்த நொடியே "அக்கா நான் ஸ்டெல்த் போடுறேன்"னு, அதாவது ஒளியுற திறமைக்கு உருட்டறேன்னு, டைஸ கைல எடுத்துடுவான். எதுக்கு பின்னாடி ஒளியுற தம்பி? அத கேக்காம உருட்டி என்ன பண்றது, 2024ல வந்த ரூல்ஸ்படி முக்கால்வாசியாவது மறைக்கிற மாதிரி ஒன்னு வேணும், இல்ல நல்ல இருட்டு வேணும், எந்த எதிரி பார்வையிலயும் இருக்கக் கூடாது, அதுக்கப்பறம் தான் ஸ்டெல்த், அதுவும் 15 வரணும். அதனால முதல்ல எடத்த பத்தி கேளுங்க. "அக்கா, விளக்கு எந்த பக்கம் மாட்டியிருக்கு? ஐஸ் பொட்டி அடுக்கி வெச்சிருக்காங்களா? வலை குவிஞ்சு கெடக்கா?" அக்கா ஆமானு ஒரு வார்த்த சொல்லிட்டா உங்களுக்கு வழி கெடைச்சிடிச்சு. அதுக்கு முன்னாடி இருந்த 2014 ரூல்ஸ்ல 15 இல்ல, காவக்காரன் தேடாமலே கவனிக்கிற அளவான பாஸிவ் பெர்செப்ஷன உங்க ஸ்டெல்த் தாண்டணும், சாதாரண காவக்காரனுக்கு அது 12, விளக்க மங்கலாக்கினா பார்வைக்கு டிஸ்அட்வான்டேஜ், அதுல 5 போச்சு, மிச்சம் 7. டைஸ தொடறதுக்கு முன்னாடியே பாதி வேல முடிஞ்சிடிச்சு பாருங்க.

காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்கு விடியறதுக்கு முன்னாடி போயி பாத்தவங்களுக்கு இன்னொன்னும் தெரியும். ஐஸ் ஒடைக்கிற சத்தம், ஏலம் கூவுறது, குட்டியானை வண்டி ரிவர்ஸ் எடுக்கறது, அந்த கூட்டத்துல தலைல கூடைய வெச்சிகினு "வழி வழி வழி"னு கத்திகினே ஒருத்தன் போனா அவன் யாருனு எவனும் கேக்க மாட்டான், ஒதுங்கி வழி தான் வுடுவான். உங்க ரோக்கும் அதே மாதிரி போலாம். அப்போ அக்கா ஸ்டெல்த்துக்கு பதிலா ஏமாத்துற திறமையான டிசெப்ஷன் கேக்கலாம், கேக்கட்டும், ரோக்குக்கு எக்ஸ்பர்டீஸ் இருக்கே, அத டிசெப்ஷன்ல போட்டு வெச்சிருந்தா பயிற்சிக்காக ரோல்ல கூட்டுற ப்ரொஃபிஷியன்சி போனஸ் டபுள்.

சரி, செயின்மெயில்னு இரும்பு வளையச் சட்ட போட்ட ஃபைட்டர் வந்தா சலசலனு சத்தம் வருமே, அவன வுட்டுட்டு போலாமானு கேப்பீங்க. வுடாதீங்க. எல்லாரும் சேந்து உருட்டற குரூப் செக் கேளுங்க, பாதி பேரு பாஸானா எல்லாரும் பாஸ். ட்ரூயிட், ரேஞ்சர்னு காட்டு மந்திரம் தெரிஞ்ச கிளாஸ் யாராவது கூட இருந்து பாஸ் வித்தவுட் ட்ரேஸ்ங்கற மந்திரம் போட்டாங்கனா எல்லார் ஸ்டெல்த்துக்கும் 10 கூடுது, அந்த ஃபைட்டர் கூட பூனையா நடப்பான்.

கூட்டாளி பையில கை வெக்கிற வேல மட்டும் வேணாம், ரோக்னா அப்படித்தான்னு சொல்லிகினு அத பண்ணா டேபிளே ஒடஞ்சிடும்.

வேவு பாக்க தனியா போயி தான் ஆகணும்னா போங்க, ஆனா ஒரே ஒரு ரூம். நீங்க போற நேரம் பூரா மத்த நாலு பேரு டீ ஆறுறத பாத்துகினு உக்காந்திருக்காங்க. லெவல் 2லயே கன்னிங் ஆக்ஷன்ங்கற வசதி வந்துடுது, டர்ன்ல வழக்கமான வேலைக்கு மேல கெடைக்கிற போனஸ் ஆக்ஷன்லயே ஓடலாம் ஒளியலாம், அத சண்டைக்குனு மட்டும் வெக்காம திரும்பி வரதுக்கும் யூஸ் பண்ணுங்க. உள்ள எத்தன பேரு, எந்த கதவு தொறந்திருக்கு, சாவி யார் இடுப்புல தொங்குது, இத வந்து சொல்லுங்க போதும், ஃபயர்பால்ங்கற நெருப்பு மந்திரத்த எங்க போடறதுனு மந்திரவாதி விசார்ட் பாத்துப்பான்.