துருவின் சிவப்பு எங்கே போனது?

வணக்கம் மக்களே. இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் மூழ்கிக் கிடக்கும் 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' கப்பலைக் கடலுக்கடியில் நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "காரைக்குடிக்காரர் இதையெல்லாம் எங்கே பழகினீங்க?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நம்ம வயல் கிணற்றில்தான். சிரிக்காதீர்கள்.

முதலில் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல் இது. அதே நாளில்தான் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் 300-க்கு மேற்பட்டவர்களோடு போனது. ஹெர்மிஸுக்கு நான் இறங்குவேனா? மாட்டேன். அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதைத் தாண்ட வேறு பயிற்சி, வேறு வாயுக் கலவை, வேறு பர்ஸ் எல்லாம் வேண்டும். சார்ஜென்ட் 25 மீட்டருக்குள்தான்.

சரி, கிணறு. பாசி பிடித்த பச்சைத் தண்ணீர், மிதக்கிற தூசி. சிலிண்டர் கிடையாது, மூச்சடக்கி இறங்குவதுதான். மேலே மாமா கயிற்றோடு நிற்பார். அப்பத்தாவின் பித்தளைக் குடத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிப் படம் எடுத்தேன். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால் குடம் தெரியாது, பனி கொட்டுகிற மாதிரி வெள்ளைப் புள்ளிதான் தெரியும். நடுவில் மிதக்கிற தூசிதான் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. இரண்டு ஃபிளாஷையும் கேமராவின் இரு பக்கமும் தள்ளி அகலமாக வைத்து, அவற்றின் முகத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினால், ஒளியின் ஓரம் மட்டும் குடத்தைத் தொடும். கழுத்தில் இருக்கும் நசுங்கல்கூடத் துல்லியமாக விழும். கப்பலிலும் இதே கதைதான்.

ஆனால் கிணறு சொல்லித் தராத விஷயம் நிறம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 20 மீட்டரில் துரு சாம்பல் நீலமாகத்தான் தெரியும். ஃபிளாஷ் போட்டால் சிவப்பு திரும்பி வரும், அதுவும் கைக்கெட்டும் தூரத்துக்குத்தான். அதனால் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் எந்திரம்), வால்வு, பவளம் என்று கிட்டத்தில் எடுக்க ஃபிளாஷ். கப்பல் முழுசாக வேண்டுமா? ஃபிளாஷை அணைத்துவிட்டுக் கருப்பு வெள்ளையில் எடுங்கள். கம்ப்யூட்டரில் சிவப்பை ஏற்றி ஏற்றிப் படத்தைச் செங்கல் சூளையாக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அப்புறம், போகிறவர்கள் ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கமும் அடைமழை, கடல் கலங்கிவிடும். தீபாவளி லீவுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.