பூனை இழுத்து வந்த நால்வர்: பாய்சனின் முதல் ஆல்பம்

[திரையில்: ஆல்பத்தின் அட்டை, மெல்ல நெருங்கி வருகிறது]

இந்த அட்டையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நான்கு கட்டம், நான்கு முகம். கண்ணில் மை, உதட்டில் பளபளக்கும் சாயம், கன்னத்தில் சிவப்பு, தலையில் சிங்கப் பிடரி மாதிரி சிலிர்த்து நிற்கும் முடி. 1986-ல் இதைக் கையில் எடுத்த பலரும் பெண்கள் குழு என்றே நினைத்தார்கள். நான்கு பேரும் ஆண்கள். பாடகர் பிரெட் மைக்கேல்ஸ், கிட்டாரில் சி.சி. டெவில், பேஸ் கிட்டாரில் பாபி டால், டிரம்ஸில் ரிக்கி ராக்கெட். இந்த ராக் குழுவின் பெயர் பாய்சன்.

ஆல்பத்தின் பெயர் ‘லுக் வாட் த கேட் டிராக்ட் இன்’. தலை கலைந்து, சட்டை கசங்கி வந்து நிற்கும் ஆளைப் பார்த்து, “பூனை எதை இழுத்துட்டு வந்திருக்கு பார்” என்று அமெரிக்காவில் கேலி செய்வார்கள். ஊர் தங்களைப் பார்த்து என்ன சொல்லும் என்று இவர்களுக்குத் தெரியும். அதையே தலைப்பாக்கிவிட்டார்கள்.

[திரையில்: அமெரிக்க வரைபடம், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு கோடு]

கதை தொடங்குவது பென்சில்வேனியாவில், மெக்கானிக்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில். அங்கே முதலில் பாரிஸ் என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்த இந்தக் குழுவினர், 1984-ல் மூட்டை கட்டிக்கொண்டு நாட்டின் மறுகோடியில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார்கள். ஹெவி மெட்டல் என்ற இரைச்சலான ராக் இசையின் கிட்டார், பாப் பாட்டின் மெட்டு, அதற்கு மேல் முழு ஒப்பனை. இதுதான் கிளாம் மெட்டல். அதன் தலைநகரம் அந்த ஊரின் சன்செட் ஸ்ட்ரிப் சாலை. இரவானால் கிளப்புக்கு கிளப் ஏதாவது ஒரு குழு மேடையேறும். அந்தக் கூட்டத்தில் யார் கண்ணிலாவது பட வேண்டுமே! பாய்சன் குழு, சாலை முழுக்க நோட்டீஸ் ஒட்டியது, கொடுத்தது, மறுபடி ஒட்டியது. ரிக்கி ராக்கெட் முடி அலங்காரத் தொழில் தெரிந்தவர். அட்டையில் நீங்கள் பார்க்கும் கோலத்தை நான் வெறும் ஆடம்பரமாகப் பார்க்கவில்லை. கையில் காசில்லாதவர்கள் தங்கள் முகத்தையே விளம்பரப் பலகை ஆக்கிக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு சிக்கல். அப்போது கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த மேட் ஸ்மித், குழந்தை பிறக்கப்போகிறது என்று ஊர் திரும்பிவிட்டார். அந்த இடத்துக்கு வாசித்துக் காட்ட வந்தவர்களில் ஸ்லாஷும் ஒருவர். ஆமாம், பின்னால் கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞராகப் புகழ் பெற்ற அதே ஸ்லாஷ்தான். ஆனால் இடம் கிடைத்தது நியூயார்க்கிலிருந்து வந்த சி.சி. டெவிலுக்கு. தயார் செய்து வரச் சொன்ன பாட்டுகளை விட்டுவிட்டு, அவர் தன்னிடம் இருந்த ஒரு ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன கிட்டார் துணுக்கை, வாசித்தார். அதுதான் பிறகு ‘டாக் டர்ட்டி டு மீ’ ஆனது.

[ஒலி: ரிஃப், சில நொடிகள்]

சரி, பதிவுக்கு வருவோம். எனிக்மா என்ற சிறிய நிறுவனம். தயாரிப்பாளர் ரிக் பிரௌட். 12 நாள், சுமார் 23,000 டாலர். பெரிய குழுக்கள் ஒரு ஆல்பத்துக்கு லட்சக்கணக்கில் டாலர் கொட்டிய காலம் அது. அந்த அவசரம் ஒலியிலேயே கேட்கிறது. அடுக்கடுக்காக ஏற்றிய மெருகு கிடையாது. நான்கு பேர் ஒரு அறையில் நின்று வாசிக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். 10 பாட்டு, மொத்தம் 35 நிமிடம்கூட இல்லை. எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பெண்கள், பார்ட்டி, ராத்திரி என்று வரிகள் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் நிற்கின்றன. ஆனால் கோரஸ், அதாவது பல்லவி மாதிரி திரும்ப வரும் பகுதி, எழுதத் தெரிந்தவர்கள். இரண்டாவது முறை வரும்போது நீங்களும் கூடவே பாடிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வெளியிட்டது ‘க்ரை டஃப்’. கனவை விடாதே என்று சொல்லும் பாட்டு. அமெரிக்கப் பட்டியலில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் வந்தது ‘டாக் டர்ட்டி டு மீ’. எம்டிவி என்ற இசைச் சேனல் அதன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட, 1987-ல் பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் 9-ஆம் இடம். ஆல்பங்களுக்கான பட்டியலில் இது 3-ஆம் இடம் வரை ஏறியது. மென்மையான ‘ஐ வோன்ட் ஃபர்கெட் யூ’ 13-ஆம் இடம். ஆல்பத்துக்கு அமெரிக்காவில் மட்டும் மும்மடங்கு பிளாட்டினம், அதாவது 30 லட்சம் பிரதிகள்.

[திரையில்: மீண்டும் அட்டை, சி.சி. டெவிலின் முகம் மட்டும்]

கேட்கப் போகிறீர்கள் என்றால் ‘டாக் டர்ட்டி டு மீ’யிலிருந்து தொடங்குங்கள். முதலில் கிட்டார் தனியாக வரும், பின்னாலேயே டிரம்ஸ் விழும். பாதிக்கு மேல் போனதும் பிரெட் பாடுவதை நிறுத்தி, சி.சி.யைப் பெயர் சொல்லி அழைத்து, கிட்டாரை எடுக்கச் சொல்வார். வரச் சொன்ன பாட்டை வாசிக்காமல் இடம் பிடித்த அந்த ஆள் பதில் சொல்வது அங்கேதான். அந்த இடத்தில் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

[ஒலி: கிட்டார் சோலோ, முழுவதும்]