கடைசி வாங்குப் பிள்ளை

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆசிரியர், பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தலைமை வகிக்கும் அதிபர் அவர்களே, வலயக் கல்வி அலுவலக அதிகாரிகளே, பழைய மாணவர் சங்கச் செயலாளர் அவர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காத பெற்றோர்களே, வணக்கம். கிளினிக்கை முடித்துவிட்டு ஓடிவந்த வைத்தியர் ஐயாவுக்கும், வாடகை கேட்காமல் மண்டபம் தந்த தர்மகர்த்தா சபைக்கும், பிளேன்டீ ஊற்றித் தந்த மாதர் அணிக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் கோபிக்க வேண்டாம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். மனச்சோர்வை எப்படி அடையாளம் காண்பது, ஆசிரியர் என்ன செய்யலாம், பாடசாலை என்ன செய்ய வேண்டும். அதற்கு முன் என் அம்மம்மாவின் பழமொழி. என்னைத் தெரிந்தவர்களுக்கு அலுத்துப்போனதுதான்: ஆடுற மாட்டை ஆடிக் கற, பாடுற மாட்டைப் பாடிக் கற.

பதின்ம வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது. எரிச்சலாக வரும், எதிர்த்துப் பேச்சாக வரும், தலையிடி, வயிற்றுவலியாகவும் வரும். கேட்டால் "ஒண்டுமில்ல மிஸ்" என்பான். இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே போனால் கவனியுங்கள். மனநலப் பிரச்சினைகளில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பதாம் தரத்துப் பிள்ளை!

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், பெயர் வேண்டாம், பத்தாம் தரத்தில் ஒரு பையன். எந்நேரமும் கடைசி வாங்கில் கவிழ்ந்து படுத்திருப்பான். கணித மாஸ்டர் கும்பகர்ணன் என்று பெயர் வைத்தார். வெண்கட்டியால் எறிவார். அது குறி தப்பி முன்வாங்குக்காரன் தலையில் விழும். பாவம், அவன் வகுப்பில் முதலாம் பிள்ளை. ஒருநாள் தாயைக் கூப்பிட்டு, "மகனை இரவில் நேரத்துக்குப் படுக்க வையுங்கோ" என்றார். தாய் சொன்னார்: "சேர், அவன் வீட்டில நித்திரையே கொள்றேல்ல. விடிய மூண்டு மணிக்கும் முழிச்சுக்கொண்டு கிடக்கிறான். இங்கயாவது படுக்கிறானே, நல்லதாப் போச்சு!" ஆசிரியர் அறையே சிரித்தது. ஒரு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் நித்திரை வரவில்லை என்று யோசித்தார். அடுத்த நாளிலிருந்து இடைவேளையில் அவன் பக்கத்தில் போய் இருந்து கிரிக்கெட் பேசினார், வேறொன்றும் இல்லை. மூன்றாம் கிழமை அவனாகவே வாய் திறந்தான். தகப்பன் கட்டாரில். பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ வராவிட்டால் அவர் பட்ட பாடெல்லாம் வீண் என்ற பயம். சனி முழுக்க பம்பலப்பிட்டியில் டியூஷன், ஞாயிறு காலை வெள்ளவத்தை, பின்னேரம் கொட்டாஞ்சேனை. பாடுற மாட்டைப் பாடிக் கறந்தது அந்த டீச்சர்தான்.

ஒரே காரணத்தால் இது வருவதில்லை என்று வைத்தியர் ஐயா தலையாட்டுகிறார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூச்சுவிட ஒரு நாள்கூட இல்லாத பிள்ளைக்கு மருந்தும் ஆலோசனையும் எங்கே ஒட்டும்? சாதாரண தரம் வரையாவது ஞாயிற்றுக்கிழமை டியூஷன் கூடாது. இதை நான் எந்த மேடை கிடைத்தாலும் சொல்வேன், கலியாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. ஒரு பிள்ளையை நினைத்துப் பயமாக இருந்தால், "சாக வேணும் போல இருக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், உடனே வீட்டாருக்கும் வைத்தியருக்கும் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஞாயிறு விடுமுறைக்கான கையெழுத்துப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனையும் அங்கேயே இருக்கிறது. டியூஷன் மாஸ்டர்மாரும் கையெழுத்து வைக்கலாம். நன்றி, வணக்கம்.