ஏரிச் சேற்றை எண்ணிப் பழைய தண்ணீரின் அமிலத்தைச் சொல்வது ஊகமா? – நேயர் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளிக்கு வந்த சந்தேகங்களில் இரண்டை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது, அதனால் சேர்த்தே பேசிவிடலாம்.

முதல் கேள்வி இது: "ஸ்காட்லாந்தில் ஒரு மலையேரியின் தண்ணீர் 1850-க்கு முன்னால் இவ்வளவு அமிலம், பிறகு இவ்வளவு என்று புள்ளி வைத்துச் சொன்னீர்கள். அந்தக் காலத்தில் அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லையே? சேற்றில் கிடக்கும் பாசியை எண்ணிச் சொல்வதெல்லாம் ஊகம்தானே?" இரண்டாவது கேள்வி நாகப்பட்டினத்திலிருந்து: "இதே முறையில் பழைய சுனாமிகளையும் கண்டுபிடிக்கலாமா? நம் ஊர் ஏரிகளில் ஏன் இதைச் செய்வதில்லை?"

முதல் கேள்வி கேட்டவர் சொல்வது உண்மைதான், யாரும் அளக்கவில்லை. அளந்திருக்கவும் முடியாது. அமிலத்தைக் காட்டும் பிஹெச் என்ற அளவே (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 1909-ல்தான் வந்தது, டென்மார்க்கில் சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்தது. அப்படியிருக்க 1850-ன் தண்ணீருக்கு பிஹெச் எண் எங்கிருந்து வந்தது?

டையாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசியிலிருந்து வந்தது. பாறையில் வழவழவென்று ஒட்டியிருக்கும் பழுப்புப் படலம், குளத்துத் தண்ணீரில் மிதக்கும் பழுப்புத் தூள், இவற்றில் பெரும்பகுதி அதுதான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, சிலது அதைவிடக் கொஞ்சம் பெரிது. செல்லைச் சுற்றிச் சிலிக்காவால் ஆன ஓடு இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று பொருந்திய இரண்டு பாதியாக. அந்த ஓட்டில் உள்ள துளைகளும் வரிகளும் இனத்துக்கு இனம் வேறு. பாசி செத்துவிட்டாலும் ஓடு அழியாமல் ஏரியின் அடியில் படியும். இந்த வருஷத்துச் சேற்றுக்குக் கீழே போன வருஷத்துச் சேறு, அதற்கும் கீழே அதற்கு முந்தையது.

படகில் போய் ஒரு குழாயை மெதுவாக அடிச்சேற்றில் இறக்கி, மேல்படலம் கலங்காமல் உருவி எடுக்கிறார்கள். அதை அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று வில்லை வில்லையாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் கொஞ்சம் எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால் மக்கிய இலைதழை எல்லாம் போய்விடும், சிலிக்கா ஓடு மட்டும் மிஞ்சும். அதைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் வைத்து எண்ண வேண்டும். ஒரு வில்லைக்கு முந்நூறு முதல் ஐந்நூறு ஓடுகள். ஒவ்வொன்றாக இனம் பிரித்து எண்ண வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும் வேலை. இதைச் செய்கிறவர்களை ஊகக்காரர்கள் என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்!

சரி, எண்ணியாயிற்று. எண்ணிக்கை எப்படி பிஹெச் ஆகிறது? சில இனங்களுக்கு அமிலத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்குக் காரத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். இதை 1930-களிலேயே ஜெர்மானிய அறிஞர் ஃப்ரீட்ரிக் ஹுஸ்டெட் ஜாவா, பாலி, சுமத்ரா தீவுகளின் டையாட்டம்களைப் பார்த்து ஐந்து வகையாகப் பிரித்து வைத்தார். ஆனால் "இந்த இனம் இருக்கிறது, ஆகவே தண்ணீர் அமிலம்" என்று ஒரே இனத்தை வைத்துச் சொன்னால் ஏமாந்துபோவோம். பேருந்தில் ஒருவர் "ஏலே" என்று பேசினால் அது திருநெல்வேலி வண்டி ஆகிவிடாது, நூறு பேரில் எழுபது பேர் அப்படிப் பேசினால் தயங்காமல் சொல்லலாம். இங்கேயும் மொத்தக் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பழைய சேற்றைத் தொடுவதற்கு முன்னால், இன்றைக்கு இருக்கும் ஏரிகளை அளந்தார்கள். பிரிட்டன், நார்வே, ஸ்வீடன் மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்திய அமிலமாதல் ஆய்வுத் திட்டத்தில் மட்டும் 167 ஏரிகளின் மேல்சேற்றை எடுத்து டையாட்டம்களை எண்ணி, அதே ஏரிகளில் அளந்த பிஹெச்சோடு சேர்த்து வைத்தார்கள். ஓர் இனம் எந்த பிஹெச்சில் அதிகம் காணப்படுகிறதோ அதுதான் அந்த இனத்துக்குரிய எண். பிறகு பழைய சேற்றுக்கு வருகிறார்கள். சும்மா ஒரு கணக்குக்கு, ஒரு வில்லையில் பாதி ஓடுகள் 5.0 விரும்பும் இனம், மீதிப் பாதி 6.0 விரும்பும் இனம் என்றால் அந்தக் காலத் தண்ணீர் 5.5-ஐ ஒட்டி இருந்திருக்கும். உண்மையில் ஐம்பது அறுபது இனங்களை வைத்து இந்தக் கணக்கைப் போடுவார்கள். கூடவே பிழை எவ்வளவு என்பதும் தெரியும். பிஹெச் தெரிந்த ஏரியிலேயே கணக்கைப் போட்டுப் பார்த்து, அளந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும். சுமார் 0.3 முன்பின் வரும். ஊகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஊகம் தன் பிழையின் அளவைச் சொல்லாது.

போன காணொளியில் சொன்ன ஏரியின் பெயர் ரவுண்ட் லாக் ஆஃப் க்ளென்ஹெட். தென்மேற்கு ஸ்காட்லாந்தில் கேலோவே மலைப்பகுதியில், கருங்கல் பாறைக்கு நடுவே உள்ள சின்ன ஏரி. கருங்கல் என்பது முக்கியம். சுண்ணாம்புப் பாறை இருந்தால் விழும் அமிலத்தை அது முறித்துவிடும், கருங்கல்லுக்கு அந்தச் சக்தி இல்லை. 1983-ல் ரோஜர் ஃபிளவர், ரிச்சர்ட் பேட்டர்பீ இருவரும் இந்தப் பகுதி ஏரிகளின் டையாட்டம் வரலாற்றை வெளியிட்டார்கள். க்ளென்ஹெட் ஏரியில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிஹெச் 5.5-ஐ ஒட்டி, பிறகு இறக்கம், 1970-களில் 4.7-ஐ ஒட்டி. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் பிஹெச்சில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு, ஆக இது ஏறக்குறைய ஆறு மடங்கு. பிராக்கிசைரா விட்ரியா என்ற இனம் குறைந்துபோய், டாபெல்லாரியா குவாட்ரிசெப்டாட்டா போன்ற அமிலப் பிரியர்கள் பெருகிவிட்டார்கள்.

1850 என்று ஆண்டு சொல்வது எப்படி என்று கேட்பீர்கள். ஈயம்-210 வைத்துத்தான். காற்றிலிருந்து தொடர்ந்து விழும் கதிரியக்கத் துகள், அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 22 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல். மேலிருந்து கீழே போகப்போக எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் சுமார் 150 ஆண்டுகள் வரை கணக்கிடலாம். 1963-ஐ ஒட்டி அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து விழுந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் உச்சம் ஒன்று சேற்றில் வரும், அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

அன்றைக்கு நடந்த சண்டை வேறு விதமானது. அமிலம் கூடியதை யாரும் மறுக்கவில்லை, யார் காரணம் என்பதில்தான் வழக்கு. நிலக்கரி மின்நிலையப் புகையால் வந்த அமில மழை என்று ஒரு தரப்பு. இல்லை, ஊசியிலை மரம் நட்டதால் வந்தது என்று இன்னொரு தரப்பு. நார்வேயின் ரோசன்குவிஸ்ட் போன்றவர்கள், ஆடுமாடு மேய்ச்சல் குறைந்து புதர் மண்டி மண்ணே அமிலமாகிவிட்டது என்றார்கள். சும்மா தள்ளிவிடக்கூடிய வாதங்கள் இல்லை இவை.

சேறு இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. க்ளென்ஹெட் ஏரியைச் சுற்றி மரம் நடவே இல்லை, ஆனாலும் அமிலம் கூடியது. மரத் தோட்ட வாதம் அங்கே விழுந்தது. புதர் வாதத்துக்கு அதே ஏரியில் இன்னும் ஆழமாகக் குழாயை இறக்கினார்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், மனிதப் புகை எதுவும் இல்லாத காலத்தில், அந்த மலையில் காடு குறைந்து கரிச்சதுப்பும் புதரும் பரவிய ஒரு கட்டம் உண்டு. சேற்றில் கிடக்கும் மகரந்தத் தூள் அதைக் காட்டுகிறது. அப்போது டையாட்டம்கள் என்ன சொல்கின்றன? பெரிய சரிவு எதுவும் இல்லை. புதர் பரவுவதுதான் காரணம் என்றால் அன்றைக்கே ஏரி கெட்டிருக்க வேண்டும். 1986-ல் வந்த ஆய்வு இது. இத்தோடு, அதிக வெப்பத்தில் நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தால் மட்டுமே உண்டாகும் கரி உருண்டைகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சேற்றில் தென்படுகின்றன, 1950-க்கு மேல் ஒரேயடியாகப் பெருகுகின்றன. புகைபோக்கியின் கையெழுத்து அதே சேற்றில் கிடந்தது.

1988-லிருந்து அந்த ஏரியைத் தொடர்ந்து கருவியால் அளந்து வருகிறார்கள். கந்தகப் புகை குறைந்த பிறகு பிஹெச் மெல்ல ஏறுகிறது, புதிய சேற்றிலும் மாற்றம் தெரிகிறது. ஆனால் 1850-க்கு முந்தைய அதே டையாட்டம் கூட்டம் இன்னும் திரும்பவில்லை.

சரி, கடலுக்கு வருவோம். சுனாமியைக் கண்டுபிடிக்கலாமா? கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாஷிங்டன் மாநிலத்துக் கழிமுகங்களில், சதுப்புப் புல்வெளி மண் ஒன்று சேற்றுக்கு அடியில் புதைந்து கிடப்பதை நிலவியலாளர் பிரையன் அட்வாட்டர் 1987-ல் எழுதினார். கடல் மட்டம் மெல்ல ஏறியிருந்தால் டையாட்டம் கூட்டமும் படிப்படியாக மாறும்: மேட்டுச் சதுப்பு இனங்கள், அப்புறம் தாழ்ந்த சதுப்பு இனங்கள், அப்புறம் ஏற்றவற்றத்தில் மூழ்கி எழும் சேற்றுத்திடல் இனங்கள். இங்கே நடுக்கட்டமே இல்லை. புல்வெளி மண், அதன்மேல் நேராகச் சேற்றுத்திடல். தரை ஒரே வீச்சில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதாவது நிலநடுக்கம். சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே மணல் படலம். அந்த மணலில் இருப்பவை விரிகுடாவின் மணல்திட்டில் வாழும் டையாட்டம்கள், ஆற்று வெள்ளம் கொண்டுவந்திருந்தால் நன்னீர் இனங்கள் அல்லவா இருக்க வேண்டும்? எய்லீன் ஹெம்ஃபில்-ஹேலி இதைப் பின்தொடர்ந்து போய், கண்ணுக்கு மணல் தெரியாத இடத்துக்கும் அப்பால் ஆற்றோரமாகக் கடல் டையாட்டம்கள் போயிருப்பதைக் காட்டினார். அலை எட்டிய தூரம் மணல் சொன்னதைவிட அதிகம்.

அங்கே செத்து நிற்கும் செடார் மரங்களின் வளையத்தை எண்ணினால் கடைசி வளர்ச்சி 1699. ஜப்பானியக் கரையோரப் பதிவுகளில், உள்ளூரில் நிலநடுக்கம் எதுவும் உணரப்படாமலேயே வந்த ஒரு சுனாமி 1700 ஜனவரி மாதக் கடைசியில் இருக்கிறது. அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, 1700 ஜனவரி 26 இரவு என்று நாளையே சொல்லிவிட்டார்கள். டையாட்டம் மட்டும் இந்த நாளைச் சொல்லவில்லை, அதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தரை இறங்கியதையும் கடல் உள்ளே வந்ததையும் அது சொன்னது, எந்த நாள் என்பதை மற்றவை சொன்னன.

தரை எவ்வளவு இறங்கியது என்று அளக்க ஃபொராமினிஃபெரா என்ற இன்னொரு கூட்டம் உதவும். இவை பாசி அல்ல, ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் உயிர்கள். சதுப்பில் வாழும் பல இனங்கள் நுண்மணலைப் பொறுக்கி ஒட்டி வீடு கட்டுபவை. ஏற்றவற்றத்தில் எந்த உயரத்தில் எந்த இனம் என்று அடுக்கடுக்காக வாழும். 1978-ல் ஸ்காட், மெடியோலி இருவரும் அந்த அடுக்கை வைத்துப் பழைய கடல் மட்டத்தைச் சொல்லலாம் என்று எழுதினார்கள். இங்கேயும் அதே வழக்கம்தான்: இன்றைய சதுப்பில் உயரம் வாரியாக எண்ணிவிட்டுத்தான் பழைய மண்ணுக்குப் போவார்கள்.

இப்போது நாகப்பட்டினத்துக்காரருக்கு. 2004 சுனாமி விட்டுப்போன மணலில் உள்ள ஃபொராமினிஃபெராவை வேளாங்கண்ணியிலிருந்து தரங்கம்பாடி வரை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதை அளவுகோலாக வைத்துப் பழைய மணல் படலங்களைத் தேடலாம். சிக்கல் என்னவென்றால், நம் கரையில் புயலும் கடல் மணலை உள்ளே தள்ளும், அதிலும் இதே உயிர்கள் இருக்கும். வங்கக் கடலில் புயலுக்கா பஞ்சம்? ஒரு மணல் படலத்தைப் பார்த்ததும் சுனாமி என்று அறிவிப்பவர்களை நான் நம்ப மாட்டேன். எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது, எந்த ஆழத்துக் கடல் இனங்கள் இருக்கின்றன, பக்கத்து ஊர்களிலும் அதே வயதில் படலம் இருக்கிறதா என்று எல்லாம் கேட்க வேண்டும்.

ஏரிகள் விஷயம் இன்னும் கஷ்டம். நம் ஊரில் ஏரி என்று சொல்வதில் பெரும்பாலானவை மழைநீரைத் தேக்க மனிதன் கட்டியவை. கோடையில் வற்றி, அடிமண் வெடித்து, மேல்மண் வெடிப்பில் விழுந்து கீழே போய்விடும். அடுக்கே கலைந்துவிட்டது. போதாக்குறைக்கு, தூர்வாரி வண்டலை வயலுக்கு அடிக்கிறோம். வயலுக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் ஆராய்ச்சிக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் எப்போதும் தண்ணீர் நிற்கும் இடமாகத் தேட வேண்டும். பழவேற்காடு போன்ற கடலோரக் காயல் நல்ல இடம். முகத்துவாரம் அடைபட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் நன்னீர்ப் பக்கம் சாயும், கோடையில் கரிப்பு ஏறும், திறந்தால் கடல் உள்ளே வரும். டையாட்டம்கள் அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அங்கே குழாயை இறக்குவதற்கு முன்னால், காயலின் ஒவ்வொரு மூலையிலும், ஒவ்வொரு பருவத்திலும் தண்ணீரின் கரிப்பை அளந்து, அங்கே இன்று என்னென்ன டையாட்டம்கள் எத்தனை என்று எண்ணி முடித்திருக்க வேண்டும். பணமும் பொறுமையும் போவது அதில்தான், குழாயை இறக்குவது ஒரு நாள் வேலை.