தங்கத் துண்டும் ஆத்தங்குடிக் கல்லும்

(காரைக்குடியில் ஓர் இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, கிராம சபை வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, பினாங்கிலிருந்து பேரப் பிள்ளைகளோடு வந்திருக்கும் பெரியவர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் தூணோரம் நிற்கும் தம்பிமார்களே, ஆச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய நண்பருக்கு நன்றி. என்னிடம் பொன்னாடைகள் நிறைய சேர்ந்துவிட்டன. அடுத்த ஆண்டு யாருக்காவது போர்த்த வேண்டியிருந்தால் கேளுங்கள், தருகிறேன்.

அழைப்பிதழில் என் தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று பேர் போன் செய்தார்கள். "ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் சுவர்ப்படம் பதிப்பதைப் பற்றிக் காரைக்குடியில் என்ன சார் பேச்சு? நாமெல்லாம் பிள்ளையார்பட்டிக்காரர்கள்." நியாயமான கேள்வி. நான் ஓவிய வாத்தியாராக இருந்தவன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பழமொழிதான் என்று என் பழைய மாணவர்கள் கிண்டல் செய்வார்கள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம். 'நாயகனைக் கண்டால்' என்று பாடம் சொல்பவர்களும் உண்டு. புலவர் ஐயா மேடையில் இருக்கும்போது அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை. எந்தப் பாடமாக இருந்தாலும் நான் இன்று சொல்லப்போவது அதைத்தான்.

மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். ஒன்று பொருள், இரண்டு கை, மூன்று வெளிச்சம்.

முதலில் பொருள். மொசைக் என்றதும் நம் வீடுகளில் சிப்ஸ் கொட்டி, மெஷின் வைத்துத் தேய்த்த தரையை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது சுவரிலும், வளைந்த கூரையான மாடத்திலும் சிறு சிறு துண்டுகளைப் பதித்து உருவம் வரைவது. கிரேக்கம், ரஷ்யா, செர்பியா போன்ற நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் இன்றும் செய்கிறார்கள். கோட்டயம் பக்கம் நாம் பார்க்கிற ஆர்த்தடாக்ஸ் சபை வேறு கிளை. அவர்கள் சுரியானி மரபு. இவர்கள் பைசாந்திய மரபு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லைத் தலைநகராக வைத்திருந்த பழைய கிழக்கு ரோமப் பேரரசின் வழி.

துண்டு பெரும்பாலும் கண்ணாடி. உலோக ஆக்சைடு சேர்த்து நிறம் ஏற்றிய கெட்டிக் கண்ணாடிப் பாளத்தை உடைத்து எடுப்பார்கள். மரக்கட்டையில் உளியை வாய் மேலாக நட்டு, அதன்மேல் துண்டை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. இப்போது கையில் பிடித்து நறுக்கும் கருவியும் வந்துவிட்டது. பார்த்தால் நம் ஆச்சிமார் மடியில் இருக்கும் பாக்குவெட்டிதான். தங்கத் துண்டு என்பது இன்னொரு வித்தை. மெல்லிய தங்க இதழைக் கண்ணாடிமேல் வைத்து, அதற்கு மேலே தாளைவிடச் சற்றே கனமான கண்ணாடிப் படலம் ஏற்றிச் சூளையில் ஒட்டவைப்பது. தங்கம் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இருக்கிறது. அதனால் ஆயிரம் வருஷம் கழித்தும் கறுக்காது.

சாமியைக் கண்ணாடியிலும் கல்லிலும் செய்யலாமா என்று அவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பேரரசர்களே உருவங்களை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அப்போது எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் டமாஸ்கஸ் நகரத்து யோவான் என்ற துறவி. அவர் வாதத்தின் சாரம் இது: நான் மண்ணையும் கல்லையும் வணங்கவில்லை, அவற்றைப் படைத்தவர் எனக்காகத் தாமே உடம்பெடுத்து வந்தார், அதனால் அந்த மண்ணையும் கல்லையும் இகழவும் மாட்டேன். 843இல் உருவங்களின் பக்கம் வெற்றி. இன்றும் ஈஸ்டருக்கு முந்தைய அவர்களுடைய பெருநோன்பின் முதல் ஞாயிறு அந்த வெற்றியின் திருநாள். இஸ்தான்புல்லில் ஹாகியா சோபியா என்ற பழைய பேராலயத்தின் கருவறை மாடத்தில், குழந்தையை மடியில் வைத்த மரியாளின் படத்தை 867இல் திறந்துவைத்தார்கள். இந்த வாதமெல்லாம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. செப்புச் சிலையில் சாமி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்த் திண்ணைகளில் பதில் சொல்லாத நாள் உண்டா?

சரி, இரண்டாவது, கை. இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். முதல்வர் அம்மா ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் கிரேக்க நாட்டுப் பெண்மணி ஒருவர் கானாடுகாத்தானில், ஹோட்டலாக மாற்றிய ஒரு வீட்டில் வந்து தங்கினார். சொந்த ஊர் தெசலோனிக்கி. ஐம்பது வயது தாண்டியவர். தேவாலயங்களுக்கு மொசைக் பதிப்பதுதான் பிழைப்பு. ஆத்தங்குடியில் கையால் தரைக்கல் செய்யும் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே வகுப்பு. அதனால் பிரச்சினை இல்லை.

பட்டறையில் மேஸ்திரி அண்ணன் கால் மடக்கி உட்கார்ந்து வேலையில் இருந்தார். அந்த அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார், "வேலை தொடங்கும் முன் என்ன பிரார்த்தனை செய்வீர்கள்?" நான் அதைத் தமிழில் சொன்னேன். மேஸ்திரி நிமிரவே இல்லை. "காலையில திருநீறு பூசுவேன். அப்புறம் மேகத்தப் பாத்து, இன்னைக்கு வராதடான்னு வேண்டிக்குவேன்." கல் வெயிலில் காய வேண்டுமே! மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டத்துக்குள் கண்ணாடி. அதன்மேல் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் கரண்டியால் ஒவ்வொரு நிறக் கலவை. அரக்கு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், நடுவில் மஞ்சள். கை நடுங்காமல் அச்சை நேராகத் தூக்குகிறார். நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கலக்கவில்லை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கெட்டிக் கலவை போட்டு மட்டம் செய்கிறார். பூ போயே போயிற்று! கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறச் சிமெண்ட் மட்டும்.

"பூ சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?" என்றார் அந்த அம்மா.

"கண்ணாடி விட்டாத்தான் தெரியும். தொட்டித் தண்ணியில கெடந்து, காஞ்சு, தானா விடும். அதுவரைக்கும் யாருக்குத் தெரியும்?"

இதைக் கேட்டதும் அந்த அம்மா பையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்தார். பெரிய மாடங்களுக்கு அவர்களும் இப்படித்தான் செய்வார்களாம். படத்தை இடம் வலம் மாற்றித் தாளில் வரைந்து, துண்டுகளை முகம் கீழாகத் தண்ணீரில் கரையும் பசையால் ஒட்டி, சாரத்தில் ஏறிச் சுவரில் ஈரக் கலவைமேல் அழுத்தி, தாளை நனைத்து உரிக்க வேண்டும். அப்போதுதான் கிறிஸ்துவின் முகம் அவருக்கே முதல் தடவையாகத் தெரியும். அதுவரை மாதக்கணக்கில் முதுகுப் பக்கம்தான். மேஸ்திரி போட்டோவைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம தொழில்தான்" என்றார்.

எது கஷ்டம், முகமா என்று நான் கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில் வரவில்லை. முகம் கஷ்டமில்லையாம். முகத்தில் ஆசை இருக்கும், கவனம் தானாக வரும், பார்க்கிறவர்களும் புகழ்வார்கள். முகத்தைச் சுற்றி இருக்கும் வெறும் தங்கப் பரப்புதான் ஆளைச் சோதிக்கும். ஒரே மாதிரித் துண்டு, வாரக்கணக்கில். கழுத்து வலிக்கும், விரலில் கண்ணாடி கீறும், மனம் வீட்டுக் கடனுக்கும் மகன் சண்டைக்கும் ஓடும். அப்போது அவர்கள் மரபில் ஒரு சின்ன ஜெபம் இருக்கிறது. "ஆண்டவரே, இயேசு கிறிஸ்துவே, இறைமகனே, பாவியான என்மேல் இரங்கும்." துண்டுக்கு ஒரு தடவை சொல்லிப் பதிப்பாராம். கொஞ்ச நாளில் ஜெபம் நின்றுபோய்த் துண்டு மட்டும் விழும். பிறகு துண்டும் மறந்து ஜெபம் மட்டும் ஓடும். தான் சாமியின் பக்கத்தில் போனதாக நினைப்பது அந்த வெறும் பரப்பில்தான், முகத்தில் இல்லை என்றார். மூக்கு சுவரில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கல்தான் தெரியும். கீழே நின்று மெழுகுவத்தி ஏற்றுகிறவருக்குத்தான் நாயகன் தெரிவார். என் பழமொழியை அந்த அம்மா நாற்பது அடி உயரத்தில் சாரத்தில் உட்கார்ந்து வாழ்ந்திருக்கிறார்!

நான் இதை மேஸ்திரிக்குச் சொன்னேன். அவர் ஒரே வரியில் சொன்னார்: "ஆமா சார், பூக்கல்லு சுளுவு. வெறுஞ் செவப்புக் கல்லுதான் கஷ்டம். அதுல ஒரு பொட்டு ஒளிக்க முடியாது."

சாப்பாட்டு நேரம் வந்தது. வீட்டு ஆச்சி காலையிலிருந்து நாட்டுக்கோழி வதக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவோ கைகூப்பிவிட்டார், பெருநோன்புக் காலமாம். கறி, மீன், முட்டை, பால், நெய் எதுவும் கூடாது. ஆச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. "செட்டிநாட்டுக்கு வந்து கோழி வேண்டாம்னு சொன்ன முத வெள்ளைக்காரி இவதான் வாத்தியாரே." சரி, வெண்டைக்காய் மண்டியும் சோறும் வைக்கலாம் என்று முடிவானது. அங்கே இன்னொரு சிக்கல். கடும் நோன்பு நாளில் எண்ணெயும் ஆகாதாம். ஆச்சி கரண்டியோடு நிற்கிறார். எண்ணெய் இல்லாமல் மண்டியா? அந்த அம்மா யோசித்தார். "எங்கள் ஊரில் எண்ணெய் என்றால் ஆலிவ் எண்ணெய். இது என்ன எண்ணெய்?" நல்லெண்ணெய் என்றேன். "நல்லெண்ணெய் பற்றி எங்கள் பெரியவர்கள் ஒன்றும் எழுதிவைக்கவில்லை" என்று இலையை இழுத்துக்கொண்டார். ஆச்சி விடவில்லை. எங்களுக்கும் கார்த்திகைக்கு மறுநாள் தொடங்கி 21 நாள் பிள்ளையார் நோன்பு உண்டு, இழை எடுப்போம் என்று முழுவதையும் சொன்னார். நான் மொழிபெயர்க்கவே இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

கைதட்டலுக்கு நன்றி. இப்போது நான் எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

ஹாகியா சோபியா கட்டி முடித்தது 537இல். 1453இல் அது மசூதியாயிற்று. அங்கிருந்த உருவங்களில் பல காலப்போக்கில் பூச்சால் மூடப்பட்டன. கவனியுங்கள், மூடப்பட்டன. 1931இல் தொடங்கித் தாமஸ் விட்டமோர் என்ற அமெரிக்கரின் குழு பூச்சை மெல்ல எடுத்தபோது முகங்கள் உள்ளேயே இருந்தன. இன்னொன்று. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில், ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் வெடிகுண்டு வீச்சில் படுகாயமடைந்த இடத்தில் 1883இல் தொடங்கி 1907இல் முடித்த ஒரு தேவாலயம் உண்டு, 'இரத்தத்தின்மேல் இரட்சகர்' என்று பெயர். உள்ளே 7,000 சதுர மீட்டருக்கு மேல் மொசைக். சோவியத் காலத்தில் அதைக் காய்கறிக் கிடங்காக வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் 'உருளைக்கிழங்குமேல் இரட்சகர்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முற்றுகையில் பிணக்கிடங்காகவும் இருந்தது. பிறகு பல வருஷம் சாரம் கட்டிச் சீர்செய்து 1997இல் திறந்தார்கள். உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கினவர்கள்கூடச் சுவரைப் பெயர்த்து விற்கவில்லை ஐயா!

நாம் என்ன செய்கிறோம்? எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பங்காளிகள் ஏழெட்டுப் பேர், யாரும் ஊரில் இல்லை. பர்மாத் தேக்குத் தூண் ஒருவருக்கு விலை போனது, நிலைக்கதவு இன்னொருவருக்கு, பெல்ஜியம் கண்ணாடி வேறொருவருக்கு. வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், இருந்த பூக்கல்லை நோகாமல் பெயர்த்து எடுத்தார்கள், விலை இருக்கிறதல்லவா. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்த வெறும் சிவப்புக் கல்லைக் கடப்பாரை போட்டு உடைத்து டிராக்டரில் அள்ளிக் கண்மாய்க் கரையில் கொட்டினார்கள். மேஸ்திரி கஷ்டம் என்று சொன்னாரே, அந்தக் கல். தூணைக் கண்டால் வீட்டைக் காணோம். காசைக் கண்டால் தூணையும் காணோம். பழமொழியை நான் மாற்றிவிட்டேன் என்று புலவர் ஐயா கோபிக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. இடிக்காத வீடுகளிலும், 'தரை வழுக்குகிறது, பழசாகிவிட்டது' என்று வழவழ டைல்ஸ் போட ஆள் வருகிறார். தயவுசெய்து உடைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்கத்தான் மெருகேறும். உமி போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள், உங்கள் அப்பத்தா முகம் தெரியும். பையன்கள் பட்டறைக்கு வருவதில்லை என்கிறார்கள். நாமே தரையை உடைத்துக்கொண்டிருந்தால் எந்தப் பையன் வருவான்? பட்டறையில் பயிற்சிக்கு நாலு பையன்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஊராட்சி ஏதாவது வழி பார்க்க வேண்டும் என்று தலைவர் அவர்களிடம் போன கூட்டத்திலும் கேட்டேன். சிரித்தார். இன்றும் சிரிக்கிறார். சிரிப்பைத் தீர்மானமாக எழுதிக்கொள்கிறோம்.

மூன்றாவது, வெளிச்சம். அந்தத் தங்கத் துண்டுகளைச் சுவரில் சமமாகப் பதிக்க மாட்டார்கள், கொஞ்சம் சாய்த்து… அவைத் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். 'ஐயா, பந்தி தயார்' என்று எழுதியிருக்கிறது. இதற்குமேல் பேசினால் ஆச்சிமார்கள் எழுந்துவிடுவார்கள். வெளிச்சத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாசலில் பன்னீர் தெளிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் பழைய தரை எந்தெந்தக் கட்டில் இருக்கிறது, பூக்கல்லா வெறுங்கல்லா, பதித்த கொத்தனார் பெயர் யாருக்காவது தெரியுமா, மூன்றையும் எழுதுங்கள். பங்காளி வீட்டுக்கும் சேர்த்து எழுதலாம், தப்பில்லை. பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறது; அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.